இரண்டாவது பிளேடு

அண்ணாச்சி புல்வெட்டும் மெஷினின் அந்தப் புதுப் பிளேடின் நடு ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கப் போட்டு, முனையில் ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினார். கணீரென்று ஒரு சத்தம். அடங்க வெகு நேரம் ஆயிற்று. பிறகு பழைய கம்பெனி பிளேடையும் அதே மாதிரி தொங்கவிட்டுத் தட்டினார். அது 'டொக்' என்றதோடு சரி. "யம்மா, இது வேண்டாம்மா. கோயில் மணி கெணக்கா கணீருங்கு. எனக்கு என்னமோ மனசு ஒப்பல" என்றார். மும்பை செம்பூரில் ஒரு ஹவுசிங் சொசைட்டியின் லானில், மழை விட்டிருந்த ஒரு காலையில் நடந்தது இது. "புல்லு வெட்டத்தானே வாங்கியிருக்கு, பூஜை பண்ணவா? மாட்டுங்க அண்ணாச்சி" என்றேன். எனக்கு வாய் எப்போதுமே கொஞ்சம் நீளம். அவர் மெஷினைச் சாய்த்து, பிளேடை மாட்டி, போல்ட்டை முறுக்கினார்.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். லான் பராமரிப்புக்குச் சின்னச் சின்னதாகக் காண்ட்ராக்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது என்னிடம் இருந்தவை இரண்டு பெட்ரோல் மெஷின்கள், அவற்றைத் தள்ள இரண்டே ஆட்கள். ஒருவர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியில் குடியிருந்தார், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். இன்னொருவன் என் தம்பி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்குப் பத்து வயது. அதிலிருந்து அவன் என் கையில்தான் வளர்ந்தான். அவனுக்கு மூக்கு ஒழுகினால் எனக்குக் காய்ச்சல் வரும். கல்யாணமாகி மீசை முறுக்கிக்கொண்டு திரிந்தாலும், அவன் மெஷின் தள்ளப் போகிற நாளெல்லாம் இரண்டு தடவையாவது போன் பண்ணிக் கேட்டுவிடுவேன். கண்ணுக்கே தெரியாத வேகத்தில் அடியில் இரும்பு சுற்றுகிறது, அதற்கு ஒரு முழம் பின்னால் மனுஷன் கால். இந்தத் தொழிலில் இறங்கின நாளிலிருந்து இந்த ஒரு முழம்தான் என் பயம்.

அந்த வருஷம் மழை வெளுத்து வாங்கியதில் புல் தறிகெட்டு வளர்ந்தது. சொசைட்டியின் செக்ரட்டரி மாமா மாட்டுங்காவில் வளர்ந்தவர், ஆபீஸ் உத்தியோகத்திலிருந்து ரிடையர் ஆகி செம்பூரோடு வந்துவிட்டவர். தினமும் காலையில் செருப்பில்லாமல் அந்த லானில் நடப்பார். ஒருநாள் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளி என் மூக்குக்கு நேராக நீட்டினார். "என்னம்மா இது, நுனியெல்லாம் வெளுத்துக் கிடக்கே. வெட்டறேளா, பிச்சு எடுக்கறேளா?" அவர் சொன்னதில் தப்பில்லை. கம்பெனி பிளேடு சீக்கிரம் மழுங்கிவிடும். மழுங்கின பிளேடு புல்லை வெட்டாது, இழுத்துக் கிழிக்கும். கிழிந்த நுனி இரண்டு நாளில் வெளுத்து, மொத்த லானுக்கும் சோகை பிடித்த மாதிரி ஆகிவிடும். "அடுத்த மாசத்துலேர்ந்து வேற ஆளைப் பார்க்கலாமான்னு கமிட்டியில பேசிண்டிருக்கா" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு நடக்கப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தாராவியில் தோல் வெட்டும் கத்திகள் செய்கிற பட்டறை பாய் ஒருவரைத் தெரியும். அவரும் அண்ணாச்சி ஊர்ப் பக்கம்தான். அவரிடம் கம்பெனி பிளேடைக் கொண்டுபோய்க் கொடுத்து, இதே அளவில் இரண்டு வேண்டும், ஆனால் மழுங்கக் கூடாது என்றேன். லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, சூடேற்றி எண்ணெயில் முக்கி, சாணை பிடித்துக் கொடுத்தார். "ஒரு மாசம் ஆனாலும் முனை போவாதும்மா. பக்கா. டென்ஷனே எடுக்காதிய" என்றார். அதில் ஒன்றைத்தான் அண்ணாச்சி தட்டிப் பார்த்தது. லானுக்குக் குறுக்கே கயிறு கட்டி, ஒரு பாதியைக் கம்பெனி பிளேடால், மறு பாதியைப் பட்டறை பிளேடால் வெட்டச் சொன்னேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் கயிறு கட்டின இடம் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. அந்தப் பக்கம் வெளுப்பு, இந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று. செக்ரட்டரி மாமா "பேஷ், பேஷ்" என்று தலையை ஆட்டினார். வெட்டு எது நன்றாக இருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் பட்டறை பிளேடுதான் என்று சொல்வேன், அதில் பொய் சொல்ல மாட்டேன். அண்ணாச்சி மட்டும் புல்லைப் பார்க்கவில்லை. மெஷினைச் சாய்த்து வைத்துக்கொண்டு பிளேடையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. சனிக்கிழமை இரண்டாவது பிளேடைத் தம்பி கையில் கொடுத்து, மறுநாள் மாட்டுங்கா ஸ்கூல் மைதானத்துக்கு அதை மாட்டிக்கொண்டு போ என்றேன்.

ஞாயிறு காலை எட்டு மணி இருக்கும். நான் செம்பூரில் அண்ணாச்சிக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். புல்லுக்குள் தண்ணீர்க் குழாயின் இரும்பு முனை ஒன்று மறைந்து கிடந்திருக்கிறது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். மெஷின் எகிறி விழுந்தது. அண்ணாச்சி எப்படியோ எட்டி அணைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மெஷினைச் சாய்த்தேன். அரை பிளேடுதான் இருந்தது. மீதியில் ஒரு துண்டு, நாய்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்த பலகையின் மரக்காலில் முட்டி உயரத்தில் குத்திக்கொண்டு நின்றது. உடைந்த இடம் கல்கண்டை உடைத்த மாதிரி மணிமணியாக மினுங்கியது. கம்பெனி பிளேடாக இருந்தால் வளைந்திருக்கும், அவ்வளவுதான். அது மழுங்குவதும் வளைவதும் காலைக் காப்பாற்றத்தான் என்பது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. பாய் பிற்பாடு தலையில் கை வைத்துக்கொண்டு, "தோல் வெட்டுத கத்திக்குக் கொடுக்குத இறுக்கத்தைக் கொடுத்துட்டேன்மா. அப்படி இறுகினது கணீருங்கும், வளையாது, உடைஞ்சிரும். தோலுக்குள்ள கல்லு கிடக்காதே, எனக்குத் தோணலியே" என்று அழாத குறையாகச் சொன்னார். அதெல்லாம் அப்புறம். அப்போது என் மண்டைக்குள் ஓடியது ஒன்றே ஒன்று: இரண்டாவது பிளேடு. அது இந்நேரம் மாட்டுங்காவில் என் தம்பி காலுக்கு ஒரு முழம் முன்னால் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அண்ணாச்சி உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார். "யம்மா, ஒரு நிமிசம் கேளுங்க..." என்றார். "நீங்க இங்க பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்று கத்திவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டைப் பார்த்து ஓடினேன். செக்ரட்டரி மாமா எதிரே ஓடி வந்து என்னவோ கேட்டார். அவரையும் தாண்டி ஓடினேன்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் தம்பிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெஷின் ஓடுகிற சத்தத்தில் அவனுக்குப் போன் கேட்காது, எனக்கும் தெரியும். தெரிந்தும் விடாமல் போட்டேன். மணி அடிக்க அடிக்க, மெஷின் ஓடுகிறது, ஓடுகிறது என்றுதான் எனக்குக் கேட்டது. தூறல் வேறு. "ஜல்தி பையா, ஜல்தி" என்று அவசரப்படுத்தி டிரைவர் உயிரை வாங்கினேன். நடுவில் அண்ணாச்சியிடமிருந்து கால் வந்தது. செக்ரட்டரி மாமா குதிக்கிறார் என்று சொல்லப் போகிறார், அதற்கு இதுவா நேரம் என்று எரிச்சலோடு கட் பண்ணினேன். மறுபடி வந்தது. மறுபடியும் கட் பண்ணினேன். சயானுக்கு அப்பால் நகருக்குள் ஆட்டோ போக அனுமதி இல்லை. இறங்கி டாக்ஸிக்குக் கையைக் காட்டிக் காட்டி, நான்காவது டாக்ஸிதான் நின்றது. எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டேன். அவனுக்கு மட்டும் ஒன்றும் ஆகாமல் இருக்கட்டும், இனி இந்தத் தொழிலே வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னேன். டாக்ஸிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

ஸ்கூல் கேட்டில் இறங்கினால் மெஷின் சத்தம் இல்லை. அத்தனை நேரம் அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தவளுக்கு, அது நின்றிருந்ததைக் கண்டதும் உயிரே போய்விட்டது. மைதானத்து நடுவில் மெஷின் தனியாக நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை. நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேனா, வெறுமனே கத்தினேனா, நினைவில்லை. கட்டடத்துக்குப் பின்னாலிருந்து பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு என் தம்பி சாவகாசமாக நடந்து வந்தான்.

"க்யா ஹுவாக்கா, என்ன ஆச்சு? ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்றான். நான் ஓடிப்போய் முதலில் அவன் கால்கள் இரண்டையும் பார்த்தேன். பிறகு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். "பிளேடு எங்கடா? அந்தப் பிளேடு!" என்றேன். அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டே பையைத் திறந்து காட்டினான். நான் கொடுத்த பிளேடு, சுற்றின பேப்பர்கூடப் பிரிக்காமல் கிடந்தது. "நேத்து சாயங்காலமே அண்ணாச்சி போன் பண்ணிட்டாரு. 'ஏலே, நீ அதைத் தொடாத. நான் ஒரு மாசம் ஓட்டிப் பாக்கேன், ஒண்ணும் ஆவலன்னா அப்புறம் நீ போடு'ன்னாரு. உன்கிட்ட சொன்னா நீ சும்மா சத்தம் போடுவே, அதான் ரெண்டு பேரும் சொல்லல" என்றான்.

நான் மைதானத்திலேயே, ஈரப் புல்லில், தொப்பென்று உட்கார்ந்தேன். நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான்.

செம்பூரிலிருந்து மாட்டுங்கா வரைக்கும் அந்தக் கேள்வி ஒரு தடவைகூட எனக்குள் வரவில்லை. அந்த இரும்பு அவருடைய காலுக்கு முன்னாலும் ஒரு முழத்தில்தானே சுற்றிக்கொண்டிருந்தது?

உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "யம்மா, பயப்படாதிய. தம்பி கம்பெனி பிளேடுதான் போட்டிருக்கான். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்க ஓடிட்டிய."

"உங்களுக்கு... உங்களுக்கு ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி?" என்றேன்.

டாக்ஸி ஹாரன் சத்தம் கேட்டது. போன் கை மாறியது. செக்ரட்டரி மாமாவின் குரல். "ஆஸ்பத்திரிக்கு அழைச்சிண்டு போயிண்டிருக்கேன். மெஷினோட பின்பக்கமா ஒரு துண்டு வந்து முழங்காலுக்குக் கீழ ஏறியிருக்கு. மழைக்குப் போட்டிருந்த ரப்பர் பூட்ஸைக் கழட்டினா உள்ள முழுக்க ரத்தம். பக்கத்துலதானேம்மா நின்னுண்டிருந்தேள், பார்க்கலையா?"

"பார்க்கல, மாமா" என்றேன்.