நான் இறங்கிய ட்ராம்

தம்பிக்குத் தலைக்குள் கட்டி. பாரிஸிலிருந்து அவனேதான் ஃபோன் எடுத்துச் சொன்னான். வெட்டி எடுக்கலாமாம். ஆனால் அது பேச்சுக்குரிய இடத்தில் இருப்பதால், பிழைத்தாலும் கதைக்க ஏலாமல் போகலாமாம். மீன் விலை சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, உனக்கொரு கதை சொல்லவேணும். ஃபோனிலை ஏலாது. வெட்ட முதல் வா."

"என்ன கதையடா?" என்று அதட்டிப் பார்த்தேன். வா என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. வாய் ஓயாத பிள்ளை அவன். அவன் ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்திருப்பதே எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவின் சாவுக்கு வராததைப் பற்றியா, விட்டுப்போன மனைவியைப் பற்றியா, ஊரிலுள்ள கரம்பொன் காணியைப் பற்றியா? விசாவுக்கு அலைந்த நாட்களெல்லாம் இதே யோசனைதான்.

விசா கையில் கிடைத்தபோது இரண்டு நாள்தான் மிச்சம். மாறி ஏறுகிற இடத்தில் விமானம் ஐந்து மணித்தியாலம் தாமதம். முன்னாலிருந்த திரையில் சின்ன விமானப் படம் கடலுக்கு மேலே அசையாமல் நிற்பதாகவே எனக்குப் பட்டது. போய் இறங்க, ஆஸ்பத்திரியில் ஆட்களைப் பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது. ஃபோனில், "காலமை வா அக்கா. நேரிலைதான்" என்றான். அப்போதாவது பிடித்து வைத்துக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்கு உள்ளே எடுப்பார்கள், எட்டு மணிக்கு வந்தால் பார்க்கலாம் என்று தாதி சொல்லியிருந்தாள். தம்பியின் மகள், எனக்கு மருமகள், அங்கேயே பிறந்தவள். காலையில் தெருவெல்லாம் வாகனம் முட்டி நிற்கும், ட்ராம்தான் நிச்சயம் என்றாள். டிக்கெட்டை மெஷினில் வைத்து அடையாளப்படுத்தி என் கையில் தந்தாள். நான் அதைக் கைப்பைக்குள் போட்டேன்.

ட்ராமில் ஒரு சனமும் வாய் திறக்கவில்லை. வெளியே பனிப்புகார் மூடியிருந்தது. இத்தனை பேர் நெருக்கி நின்றும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அந்த அமைதி எனக்குப் பிடிக்கவேயில்லை. ஆறாவது தரிப்பில் இரண்டு கதவாலும் ஒரே நேரத்தில் சீருடைக்காரர் ஏறினார்கள்.

என் உடம்பு என்னை முந்திக்கொண்டது. ஊரில், யுத்த காலத்தில், பண்ணைப் பாலத்து ஆமிச் சோதனைச் சாவடியில் எத்தனை வருஷம் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்போம். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடந்து, அந்தப் பக்கம் போய்த் திரும்ப ஏற வேண்டும். இறங்காமல் இருந்தவருக்கு என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து இறங்கினேன். மற்றவர்களும் இறங்குவார்கள் என்று நின்றேன். ஒருவரும் இறங்கவில்லை. சீருடைக்காரர் இருவர் மட்டும் எங்களுக்குப் பின்னால் குதித்தார்கள். கதவு மூட, ட்ராம் போய்விட்டது.

"மாமி, ஏன் இறங்கினீங்கள்?"

"செக்கிங் எல்லோ பிள்ளை?"

"டிக்கெட் பாக்கிற ஆக்கள் மாமி."

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நான் அடையாள அட்டையை நீட்டுகிறேன், அந்த மனிதன் டிக்கெட் கேட்கிறான். தப்பி ஓடுகிறோம் என்றுதான் நினைத்திருப்பான். மருமகளை விசாரித்து அபராதம் எழுதத் தொடங்கினான். அந்த நேரம் பார்த்து அவளுடைய கோட் பைக்குள் ஃபோன் அடித்தது. அவள் பைக்குள் கையை விடப்போனாள். நான் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"பொக்கற்றுக்குள்ளை கையை விடாதை. அவங்கள் போகட்டும்."

சீருடைக்கு முன்னால் பைக்குள் கைவிட்ட ஒருவனுக்கு நடந்ததை நான் கண்ணால் கண்டவள். ஃபோன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. சொல்வழி கேட்கிற பிள்ளை, ஃபோனைத் தொடவில்லை. கைப்பையின் அடியிலிருந்து டிக்கெட்டைத் தேடிக் கொடுத்து, அவர்கள் எங்களை விட்டபோது எட்டு மணி தாண்டிவிட்டது. மருமகள் அப்போதுதான் ஃபோனைப் பார்த்தாள். இரண்டு தரமும் தம்பிதான். திரும்ப எடுத்தோம், மணி அடித்ததே தவிர ஆள் இல்லை.

நாங்கள் போனபோது கட்டில் வெறுமையாகக் கிடந்தது. நேரத்தோடேயே எடுத்துவிட்டார்களாம். மகளோடு கதைக்க வேண்டும் என்று ஐந்து நிமிஷம் கெஞ்சி வாங்கினவராம், தாதி சொன்னாள்.

தம்பி பிழைத்தான். பேச்சு வரவில்லை. எழுதக் கொடுத்தால் பேனையைப் பார்த்துக்கொண்டே இருந்தான், எழுத்தும் போய்விட்டது. தலையை ஆட்ட மட்டும் தெரிந்தது. ஆறு கிழமை பக்கத்தில் இருந்து கேட்டேன். அம்மாவோ? காணியோ? மனிசியோ? எல்லாவற்றுக்கும் இல்லையென்றே தலையாட்டினான். எனக்குத் தெரிந்த கதையெல்லாம் முடிந்துபோயிற்று.

திரும்பி வருகிற அன்று சொன்னேன். மனம் தாங்கவில்லை, சொல்லாமல் விமானம் ஏற என்னால் முடியவில்லை.

"அண்டைக்கு நீ எடுக்கேக்கை மகளை ஃபோனைத் தொடவிடாமல் பிடிச்சது நான்தான் தம்பி."

என்னை நெடுநேரம் பார்த்தான். பிறகு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். "அப்பா, மாமி வெளிக்கிடுறா" என்று மருமகள் இரண்டு தரம் சொன்னாள். அவன் திரும்பவில்லை.