ரீட்டாவைவிட ஓர் அடி உயரம்

அரசாங்கப் பணத்தில் வீடு கட்டுவதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, கூடவே கட்டிக்கொண்டிருக்கும் பக்கத்து மனைக்காரி மட்டும் கட்டாயம் உண்டு. மானியத்துக்கு எழுதிப்போட்டு, ஓவர்சியருக்கும் கொத்தனாருக்கும் நடுவில் நின்று தலைமுடி கொட்டிய சகோதரிகளே, இது உங்களுக்காக. சொந்தக் காசில் நிதானமாகக் கட்டுகிறவர்கள் வேறு எதையாவது வாசிக்கலாம்.

என் பக்கத்து மனைக்காரி வேறு யாருமில்லை, ரீட்டா. என் கொழுந்தன் மனைவி. மாமனார் விட்டுப்போன மனையை அண்ணனும் தம்பியும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனை சரிபாதி, சரி. அதிர்ஷ்டத்தை யார் பிரித்தார்களோ தெரியாது.

மேலே இருந்த தாள்

வீடு பெண்கள் பெயரில்தான் வரும் என்றார்கள். இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு ஒரு பட்டம்: பயனாளி. கான்வென்டில் படித்தவள் என்பதால் என் விண்ணப்பத்தோடு ரீட்டாவின் விண்ணப்பத்தையும் நானே எழுதினேன். ஸிஸ்டர்கள் ஸ்கேலால் அடித்து உருவாக்கிய கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும். இரண்டையும் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, சின்னவளாயிற்றே என்று அவள் தாளை மேலே வைத்துத் தொலைத்தேன்.

பட்டியல் வந்தது. ரீட்டா பெயர் என் பெயருக்கு ஒரு வரி மேலே. அதனால் ஓவர்சியர் முதலில் அவள் மனைக்கு வந்தார், முதல் தவணையும் முதலில் அவளுக்கே வந்தது. ஆணையில் இருந்த நிபந்தனையையும் நான்தான் அவளுக்கு வாசித்துச் சொன்னேன்: மார்ச் முடிவதற்குள் கூரை காங்கிரீட் போட்ட போட்டோ ஏறாவிட்டால் ஆணை ரத்து, மிச்சத் தவணைகள் வராது. பழைய வீட்டை ஏற்கெனவே இடித்தாயிற்று. ரத்தானால் அரைச் சுவரோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இவ்வளவையும் கேட்டுவிட்டு ரீட்டா சாவகாசமாகச் சிரித்தாள்: "எக்கா, ஒங்க கை ராசியான கைக்கா. ஒங்களுக்கும் நீங்களே எழுதியிருந்தா மொதல்ல வந்துருக்குமே!"

என் தாளை யார் எழுதியது என்று நினைத்தாளாம்?

சரள் தின்ற வீடு

தூத்துக்குடியில் குடியிருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் தண்ணீர் கடலுக்குப் போகாது. யார் வீட்டுத் தரை தாழ்வோ அங்கே போகும். அதனால் இங்கே வீட்டின் அழகைப் பேஸ்மென்ட் உயரத்தில்தான் பார்ப்போம். ரீட்டாவின் பேஸ்மென்ட் ரோட்டிலிருந்து மூன்றடி எழும்பியது. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, நமக்கு நாலடி போடுங்க" என்றேன்.

அவர் வரைபடத்தைக் காட்டினார். எஸ்டிமேட்டைக் காட்டினார். நான் ரீட்டாவின் பேஸ்மென்டைக் காட்டினேன். அந்த ஓர் அடி, சரள் மண்ணை லோடு லோடாகத் தின்றது. கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்து, அது அமுங்கி, மறுபடி கொட்டி, முழுசாக மூன்று வாரம் போயிற்று. அந்த மூன்று வாரத்தில் ரீட்டாவின் சுவர் சன்னல் மட்டத்தைத் தாண்டிவிட்டது. என் கணவர் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறார். எதைக் கேட்டாலும் "கப்பல் நிக்கி, பொறவு பேசுவோம்" என்பவர். அவரே ஒருநாள் வந்து நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கொத்தனாரோ மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "எக்கா, கவர்மென்ட்டு வீடு கட்டத்தான குடுத்துருக்கு, கோட்டை கட்டவா குடுத்துருக்கு?"

நைட்டியில் ஒரு வரலாறு

ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் ஓவர்சியர் வந்து, பயனாளியை வீட்டின் முன்னால் நிறுத்தி, செல்போனில் படம் எடுத்து ஏற்றுவார். அது ஏறினால்தான் அடுத்த தவணை. ரீட்டாவின் பேஸ்மென்ட் படத்துக்கு ஓவர்சியர் வந்த அன்று, அவள் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். மயில் கழுத்து நிறப் பட்டு, தலை நிறையப் பிச்சிப்பூ. என் படத்துக்கு அவர் வந்த அன்று நான் சரளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். நைட்டி, மேலே ஒரு துண்டு, முழங்கால் வரைக்கும் செம்மண்.

விடுவேனா? சன்னலுக்கு மேலே லிண்டல் மட்டம் முடிந்ததும் கிறிஸ்மஸ் சேலையைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் சைட்டில் காத்திருந்தேன். வெயிலில் சேலையும் நானும் வதங்கியதுதான் மிச்சம். நான்காம் நாள் அலுத்துப்போய் நைட்டியோடு வந்தேன். பத்தே நிமிடத்தில் ஓவர்சியரின் பைக் சத்தம். ஐந்து நிமிடம் பொறுங்கள் தம்பி, மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று கெஞ்சினேன். அந்தப் பையன் போனை உயர்த்திப் பிடித்தபடியே சொன்னான்: "வேண்டாம்க்கா, அதே நைட்டில நில்லுங்க. ஆளு மாறலன்னு மேல உள்ளவங்க நம்புவாங்க."

சாம்பல் புதனுக்கு முந்தின நாள்

கூரை காங்கிரீட் போடும் நாளில் வேலையாட்களுக்குக் கறிச்சோறு போட வேண்டும். எந்த ஆணையிலும் இது இல்லை. ஆனால் போடாத வீட்டுக் கூரை ஒழுகும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ரீட்டா சாம்பல் புதனுக்கு முந்தின நாள் காங்கிரீட் போட்டாள். ஆட்டுக்கறி பிரியாணி, தாளிச்சா, ஆளுக்கொரு அவித்த முட்டை. என் கொத்தனாரும் போய் ஒரு கை பார்த்தார். மசாலா வாசனை என் கூரையில்லாத சுவர்களுக்குள் வந்து சுற்றிச் சுற்றி நின்றது.

மறுநாள் தவக்காலம் தொடங்கிவிட்டது. நெற்றியில் சாம்பலோடு கோயிலில் முழங்காலிட்டு ஒரு நேர்ச்சை வைத்தேன்: மார்ச்சுக்குள் கூரை ஏறிவிட வேண்டும், அதுவரை கறி மட்டுமல்ல, மீனையும் தொடமாட்டேன். மீன் இல்லாமல் தூத்துக்குடிக்காரி இருப்பது எப்படிப்பட்ட தியாகம் என்று ஆண்டவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது, அந்த வேண்டுதலில் பாதி ரீட்டாவின் கூரையைப் பார்த்து வந்தது என்பதுதான். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் காலியான தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்: "ஏளா, நேர்ச்சை ஒனக்கா, எனக்குமா?"

மீன் சட்டி

மூன்று வாரம் பிந்தியவளுக்கு மிக்ஸரும் ஆட்களுமாகக் காங்கிரீட் செட் கிடைத்த ஒரே நாள், மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை. ஓவர்சியர் சொல்லிவிட்டார், அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு வருவேன், அதன் பிறகு என்னால் எதுவும் செய்ய முடியாது என்று. காலையில் மிக்ஸர் வந்தது, ஆட்கள் வந்தார்கள். ஆட்களின் தலைவர் என் அடுப்பை எட்டிப் பார்த்தார். சாம்பார். தவக்கால வெள்ளிக்கிழமை என் வாசலில் கறி வேகாது என்றேன். ஊருக்குள்ளேயே மேலூரில் ஒரு கடைக்காரர் வீட்டுக் காங்கிரீட்டுக்கும் இதே ஆட்களைக் கேட்டிருந்தார்களாம். அங்கே கிடா வெட்டியிருக்கிறார்களாம். தலைவர் தலையிலிருந்த துண்டை உதறித் தோளில் போட்டார். "நாளைக்கு வாரோம்க்கா, இங்க சாம்பார் கெட்டா போயிரும்?" மிக்ஸரை லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டார். நாளைக்கு வந்தால் படம் கிடையாது. படம் இல்லையென்றால் வீடு கிடையாது.

அப்போதுதான் ரீட்டா மதில் ஓரமாக வந்தாள். பார்த்தாள். தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் மீன்பிடி போட்டில் கடலுக்குப் போய்வருகிறவர். அரைமணியில் ஒரு முழுச் சீலா மீன் ஆட்டோவில் வந்து இறங்கியது, பின்சீட்டில் வால் வெளியே நீட்டிக்கொண்டு. "மீனு கறியில்லல்லாக்கா, வெள்ளிக்கிழமைக்கு ஆகும்" என்றபடி என் முற்றத்திலேயே அடுப்பு மூட்டினாள். வறுவல் ஒரு பக்கம், மாங்காய் போட்ட குழம்பு ஒரு பக்கம். துண்டு தலைவரின் தோளிலிருந்து மறுபடி தலைக்கு ஏறியது. மிக்ஸர் ஓடத் தொடங்கியது. கூடை கூடையாகக் காங்கிரீட் மேலே போயிற்று.

எனக்கு மட்டும் மீன் தின்ன முடியாது. என் வீட்டுக் கூரைக்கு, என் முற்றத்தில் கொதிக்கும் குழம்பை, என் நேர்ச்சை எனக்குத் தடுத்துவிட்டது. பந்தியில் நின்று பரிமாறினேன், அவ்வளவுதான். நான்கு மணிக்கு ஓவர்சியர் வந்து படம் எடுத்தார், நைட்டிதான், வேறென்ன. படம் ஏறிவிட்டது, வீடு பிழைத்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ரீட்டா என் தோளைத் தட்டினாள், நன்றி சொல்ல வாய் திறந்தேன், அதற்குள் கொத்தனார் விரலை நக்கிக்கொண்டே வந்து என்னிடம் சொன்னார்: "எக்கா, அன்னைக்கு அவிய வீட்டுல தின்ன பிரியாணியவிட ஒங்க வீட்டு மீன் கொழம்புதான் டாப்பு. இதையும் அவியதான வச்சாவ?"

இப்போது என் தரை ரீட்டாவின் தரையைவிட ஓர் அடி உயரம், என் மொட்டை மாடி அவள் மாடியைவிட ஓர் அடி உயரம். அவள் மாடியில் இன்று என்ன காய்கிறது என்று பார்த்துவர, மூட்டு வலியோடு நான்தான் தினமும் இரண்டு படி கூடுதலாக ஏறிக்கொண்டிருக்கிறேன்.