க்ளிங்கானும் எறா ஷெட்டும்

எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று என் அம்மா முடிவு கட்டிய சாயங்காலம், நான் மொட்டை மாடியில் நின்று "என் மீனைக் கொடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழில் சொல்லியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. ராயபுரத்தில் மீன் கேட்பவளை யாரும் பேய் என்று நினைக்க மாட்டார்கள். நான் சொன்னது க்ளிங்கானில். "கோட்டிவிஜ் ஹினோப்." தொண்டையில் முள் சிக்கியவள் அதைத் துப்பப் பார்க்கிற மாதிரி சொல்ல வேண்டும். பத்து நாளாக நன்றாகவே துப்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. மொழியியலில் எம்.ஏ. முடித்து எம்.ஃபில். சேர்ந்திருந்தேன். கருத்தரங்கு ஒன்றில் பேசித் தேறினால்தான் பிஎச்.டி.க்குப் பதிவு. தேறாவிட்டால் நானும் அம்மாவோடு எறா, அதாவது இறால், உரிக்கிற ஷெட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா பதினாறு வருடமாக அங்கே ஐஸ் தண்ணீரில் கை வைத்து எறாவின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் எப்போதும் வெளுத்து ஊறிப்போயிருக்கும். "நீ மட்டும் இங்க வந்துடாத" என்பதைத் தவிர அவள் எனக்கு வேறு புத்தி சொன்னதில்லை.

நான் முதலில் கொடுத்த தலைப்பு எங்கள் தெருப் பேச்சின் சொற்பிறப்பு. பேஜாரு எந்த ஊரிலிருந்து வந்தது, கலீஜ் யார் கொண்டுவந்தது, நைனா எப்போது இங்கே குடியேறினார், இப்படி. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொச்சைக்கு ஏதம்மா பிறப்பும் வளர்ப்பும்? தரமா ஒரு மொழிய எடு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கண்ணாடியை என்ன செய்ய நினைத்தேன் என்று எழுதினால் அச்சில் ஏறாது. நேராக டோல்கேட் பஸ் நிறுத்தத்துக்கு வந்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். உலகத்திலேயே உருப்படாத மொழி ஒன்றைக் கண்டுபிடித்து அவர் தலையில் கட்டுவது என்று முடிவு.

அப்படிக் கிடைத்ததுதான் க்ளிங்கான். வெள்ளைக்காரர்களின் விண்வெளிக் கதையில் நெற்றி முழுக்க மேடு தட்டிய முரடர்கள் வருவார்கள். அவர்கள் பேசுவதற்காக மொழியியல் படித்த ஒருவர் உட்கார்ந்து உருவாக்கிய பாஷை. இலக்கணம், அகராதி எல்லாம் உண்டு. அதில் வணக்கம் என்று ஒரு சொல் கிடையாது. ஆளைப் பார்த்தால் "நுக்நெஹ்" என்பார்கள். அதற்கு அர்த்தம் "இன்னா வோணும்?". இதைப் படித்ததும் எனக்கு முரடர்கள் மேல் பாசமே வந்துவிட்டது. எங்கள் தெருவில் விருந்தாளியை அப்படித்தான் வரவேற்போம்.

படிக்கப் படிக்க இன்னொன்று தெரிந்தது. அந்த மனிதர் சொற்களுக்குள் கிண்டலைப் பதுக்கி வைத்திருந்தார். மீனுக்கு 'கோட்டி'. இங்கிலீஷ் எழுத்துமுறையைப் பற்றி ஒரு பழைய நக்கல் உண்டு: ஜி-ஹெச்சை 'இனஃப்' என்பதில் படிக்கிறபடியும், ஓ-வை 'விமன்' என்பதில் படிக்கிறபடியும், டி-ஐயை 'நேஷன்' என்பதில் படிக்கிறபடியும் சேர்த்தால் 'ஃபிஷ்' வந்துவிடும். அந்த ஐந்து எழுத்தை அப்படியே தூக்கி மீனுக்கு வைத்துவிட்டார். வலிக்கு 'ஓய்', யூதர்கள் அலுத்துக்கொள்கிற அதே ஓய். அம்மாவுக்கு வைத்த சொல்லை எழுதிப் பார்த்தால், முழுகப் போகிற கப்பல் உதவி கேட்டு அனுப்பும் எஸ்-ஓ-எஸ். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். தனியாக உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் சென்டர்காரர் எட்டிப் பார்த்தார்.

பேராசிரியர் தலைப்பைப் பார்த்ததும் "இது இன்டர்நேஷனல்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். நெற்றி வீங்கியவன் பேசினால் மொழி, என் அம்மா பேசினால் கொச்சை. சரி, ஆகட்டும் என்று மாடியேறிப் பயிற்சியை ஆரம்பித்தேன்.

அந்தச் சாயங்காலம் அம்மா துணி எடுக்க மேலே வந்தாள். நான் துப்பியதைக் கேட்டாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, போகிற போக்கில் ஒரு பாட்டிலில் தண்ணீரும் பிடித்துக்கொண்டு, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பள்ளிவாசல் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். எங்கள் பக்கத்தில் குழந்தை விடாமல் அழுதால், சாப்பிட மறுத்தால், எந்தச் சாமி கும்பிடுகிற வீடாக இருந்தாலும் அந்தி மகரிப் தொழுகை முடிகிற நேரத்துக்கு அங்கேதான் போவார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் வரிசையாக ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு வரிசையில் ஏழெட்டுக் கைக்குழந்தைகள். கடைசியில் நான், வயது இருபத்து மூன்று.

தோல் மண்டி வைத்திருக்கிற ஒரு பாய் எங்கள் முன்னால் நின்று, "இன்னாம்மா, கொயந்த எங்க?" என்று கேட்டார்.

"இதான் பாய் கொயந்த. மாடில நின்னுகினு இன்னாவோ பாஷ பேசுது. நெஞ்சு தூக்கிவாரிப் போட்ச்சு பாய்" என்று அம்மா அழுதாள். உண்மையாகவே அழுதாள். அதுவரை எனக்கு எரிச்சல்தான் இருந்தது, அந்த அழுகையைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

"எங்க, ஒரு தபா பேசு" என்றார் பாய். பேசினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "அரபு இல்ல. உருதும் இல்ல. ஜின்னு பேசினா இந்த மாரி மீன் கேக்காது" என்றார். அர்த்தத்தை நான்தான் சொல்லியிருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று என் மேலும் பாட்டில் தண்ணீர் மேலும் ஊதியும் விட்டார்.

திரும்பி நடக்கும்போது எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினேன். கண்ணாடித் துடைப்பு, கொச்சை, அதற்குப் பதில் இது. வார்த்தைக்குள் ஜோக் ஒளித்து வைத்த கதையையும் சொன்னேன். அவள் நின்றுவிட்டாள்.

"நாங்க பேசறது வோணாம்னு சொல்டானா?"

"ஆமாம்மா."

விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள். அப்புறம் திடீரென்று, "இத்துக்குப் போயி ஒரு வெள்ளக்காரன் வோணுமா? எங்க ஷெட்டுல இல்லாததா?" என்றாள். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எறா உரிக்கும் நாற்பது பெண்களும் பல வருடமாகத் தங்களுக்குள் ஒரு பாஷை வைத்திருந்தார்கள். சூப்பர்வைசருக்கு 'டோல்கேட்', ஏனென்றால் யாரையும் சும்மா போகவிட மாட்டான். பீடி பிடிக்க வெளியே நழுவினால் 'அத்திப்பட்டு', அங்கே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி இருக்கிறதே. கழிப்பறைக்கு 'மீஞ்சூர்'. மீஞ்சூர் ரயிலில் ஏறினால் எப்போது திரும்பி வருவோம் என்று தெரியாதே. "மீஞ்சூர் போறேன், டோல்கேட் வந்தா சொல்லு" என்று அவன் காதுபடவே பேசுவார்களாம். எல்லாம் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்கள் என்பதால், அவன் இவர்களுக்கு ஊரெல்லாம் சொந்தக்காரர்கள் என்று நினைத்துக்கொள்வானாம். இப்படி ஐம்பது சொல்லுக்கு மேல் சொன்னாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர். பாட்டில் தண்ணீரைத் திறந்து நானே குடித்தேன்.

வீட்டு வாசலில் வந்ததும் குரல் மாறியது. "யாராண்டயும் சொல்லாத. ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா, தோல உரிச்சி ஐஸ்ல போட்ருவேன்."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

கருத்தரங்கில் க்ளிங்கானை இருபது நிமிடம் விளாசினேன். யாரும் துப்பல் என்று நினைக்கவில்லை. முடித்ததும் பேராசிரியர், "இதெல்லாம் இன்டர்நெட்லயே கெடக்குதேம்மா. உன் சொந்தக் களப்பணி எங்க?" என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. பேனாவைத் திறந்து தாளின் மூலையில் எதையோ எழுதப் போனார். எனக்கு ஐஸ் தண்ணீரும் வெளுத்த விரல்களும் கண்ணில் வந்தன. "இன்னொரு உருவாக்கிய மொழி இருக்கு சார். பேசறவங்க நாற்பது பேர்" என்றேன். டோல்கேட்டைச் சொன்னேன். அத்திப்பட்டைச் சொன்னேன். மீஞ்சூரைச் சொன்னபோது அவர் எழுந்துவிட்டார். கரும்பலகையில் ஒவ்வொன்றாக எழுதி, அடியில் கோடு போட்டு, "அபாரம். யாரம்மா உருவாக்கியது?" என்றார். "என் அம்மா" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. பதிவு கிடைத்துவிட்டது.

ஓடி வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். கொச்சை என்றவனே பலகையில் எழுதி வைத்தான் என்று. கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் அரிவாள்மனையை ஓரமாக நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பலகைல எய்தினானா? எத்தினி பேரு பாத்தாங்க?"

"முப்பது பேர் இருப்பாங்க."

"அது எங்க ஷெட்டுப் பொம்பளைங்களோடது, நீ குடுக்கறதுக்கு உன்து இல்ல" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த வாரமே ஷெட்டில் அத்தனை சொல்லையும் மாற்றிவிட்டார்கள். புதிதாக என்ன வைத்தார்கள் என்று அவள் இன்று வரை சொல்லவில்லை. நான் டாக்டர் பட்டம் வாங்கினேன். அம்மா ஷெட்டை விட்டு நின்றாள். இன்றைக்கும் பழைய தோழிகள் செல்போனில் கூப்பிட்டால் எனக்கு முன்னால் உட்கார்ந்தே மணிக்கணக்கில் பேசுகிறாள். எல்லாம் எங்கள் தெருச் சொற்கள்தான், ஒரு வரியாவது எனக்குப் பிடிபட வேண்டுமே. நான் அறைக்குள் நுழைந்ததும் மட்டும் ஒவ்வொரு முறையும், "இரு, ரேடியோ வந்துச்சி" என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள்.