பத்து லட்சத்து மூன்று

பத்து லட்சத்து மூன்று ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் அது மசியாது. எங்கள் ஊரில் அதை முதலில் கண்டுகொண்டவள் நான். இன்றைக்கும் அந்த எண்ணை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. பள்ளி இறுதி வகுப்பு முடித்துவிட்டு மிஷன் நடத்திய லேஸ் பின்னல் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பகா எண்ணின் குணத்தை அங்கேதான் படித்தேன். விளிம்பில் தொண்ணூற்றேழு கண்ணி வந்துவிட்டால் தொலைந்தது. எத்தனை கண்ணிக்கு ஒரு பூ வைத்தாலும் கடைசியில் மிச்சம் நிற்கும். பின்னல் சொல்லித்தந்த வெள்ளைக்காரத் துரைசானியம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு முழுவதையும் அவிழ்ப்போம்.

காலேஜில் படித்த அண்ணன் ஒருநாள் கணக்கு சார் கேட்ட ஒரு கேள்வியைக் கொண்டுவந்தான். பத்து லட்சத்துக்கு மேல் முதல் பகா எண் எது? வகுப்பில் ஒருவனுக்கும் தெரியவில்லையாம். நான் போடுகிறேன் என்றேன்.

அப்பா சிரித்தார். "சாரு சரின்னு சொல்லட்டு மக்கா, ஒன்னையும் காலேஜுல சேக்கேன்."

பத்து லட்சத்து ஒன்று நூற்றொன்றிடம் விழுந்தது. பத்து லட்சத்து இரண்டு, இரட்டை எண். பத்து லட்சத்து மூன்றுதான் பாடாய்ப் படுத்தியது. ஆயிரத்துக்குள் இருக்கும் நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களாலும் வகுத்தேன். கடைசி எண் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு, மிச்சம் பன்னிரண்டு. அதோடு நிறுத்தினேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கினால் இந்த எண்ணைத் தாண்டிவிடுமே!

அண்ணன் தாளைக் கொண்டுபோனான். சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தான். "சாரு சரின்னு முதுகில தட்டினாரு. ஆயிரத்தோட ஏன் நிறுத்துனன்னு நாளைக்குச் சொல்லணுமாம். ஏன் நிறுத்துன?"

"யாரு போட்ட கணக்குன்னு சொன்னியா?"

"அவரு கேக்கல்ல, நானும் சொல்லல்ல."

அப்பாவைப் பார்த்தேன். அவர் கையை விரித்தார். "சாரு சரின்னது அவன் கணக்கத்தானட்டி? ஒனக்கு எதுக்கு காலேஜி? அவன் கேக்கியதச் சொல்லிக்குடு."

சொல்லமாட்டேன் என்றேன். கன்னத்தில் அறை விழுந்தது. என் கை, என் கணக்கு, அறையும் எனக்கே! ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை. அவர் மறுபடி கேட்டார். நான் வாயே திறக்கவில்லை.

மறுநாள் அண்ணன் வயிற்றுவலி என்று காலேஜுக்குப் போகவில்லை. நான் ஒருநாளும் போகவில்லை.