ஒண்டுமில்லை என்று சொன்ன நாள்

ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம், ஒரு திங்கட்கிழமை காலை. வலிகாமத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஈசிஜி எடுப்பது என் வேலை. ஒரு தாயும் மகளும் ஈசிஜி எடுக்க எழுதிக் கொடுத்த துண்டோடு வந்தார்கள். சுகி, வயது பதினான்கு. துண்டில் அவ்வளவுதான் இருந்தது.

போன கிழமை முழங்கால் நோவாம், இந்தக் கிழமை கணுக்காலாம். நெஞ்சும் படபடக்கிறதாம். அதற்கு முதல் தொண்டை நொந்ததாம். விளையாட்டுப் பயிற்சிக்குப் போகாமல் பொய்ச்சாட்டுச் சொல்லிக் கள்ளமடிக்கிறாள் என்று ரீச்சர் சொன்னதாகத் தாய் குறுக்கிட்டார்.

"நான் கள்ளமடிக்கேல்லை மிஸ். எனக்கு ஓடத்தான் விருப்பம்," என்றாள் சுகி.

கை கால்களில் கிளிப் போட்டு, நெஞ்சில் ஜெல் தடவி, லீட்களை வைத்தேன். கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். தாள் வந்து முடிந்ததும் கண் திறக்காமலே கேட்டாள்.

"என்ன மிஸ் கிடக்கு?"

"ஒண்டுமில்லை பிள்ளை."

தாளை வாசிப்பது டொக்டரின் வேலை, என்னுடையது அல்ல. ஆனால் பயந்த முகத்தைக் கண்டால் எங்கள் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே வாங்குப் பலகையில் இருக்கச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அரை மணித்தியாலத்தில் டொக்டர் தாளோடு வந்தார். வாங்கில் ஒருவரும் இல்லை.

"ஆர் அவையைப் போகச் சொன்னது?"

"நான்தான் டொக்டர். ஒண்டுமில்லை எண்டிட்டன், அதைக் கேட்டுப் போயிட்டினம்."

இது தொண்டை நோவுக்குப் பிறகு வருகிற வாதக் காய்ச்சலாக இருக்கலாம், அதற்குரிய ஊசியை மாதாமாதம் ஒழுங்காகப் போடாவிட்டால் இதய வால்வு பழுதாகிவிடும் என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பள்ளிக்கூடங்களில் விசாரித்தோம். எந்தப் பெயர் இடாப்பிலும் சுகி இல்லை. தாய் கொடுத்தது வீட்டில் கூப்பிடும் பெயர். எங்கள் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு இடாப்பில் வேறு பெயர். மயிலிட்டி பஸ்சைப் பிடிக்கவேண்டும் என்று தாய் சொன்ன ஞாபகத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்க் கேட்டேன். எந்த வீட்டுப் பிள்ளை என்றார்கள். இரட்டைப் பின்னல் என்றேன். அங்கே எல்லாப் பிள்ளைகளும் இரட்டைப் பின்னல்தான்.

அதன் பிறகு அந்தச் சொல்லை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. டொக்டர் பார்க்கட்டும் என்று கையைப் பிடித்து வாங்கில் இருத்திவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அவ்வளவுதான்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள், ஊசி போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். மனம் ஆறுவதில்லை. இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். ஓடி வந்து பஸ்சைப் பிடிக்கும் ஒவ்வொரு பெண்ணையும் திரும்பிப் பார்க்கிறேன். அவளை ஒருதரம் காணவேண்டும் என்று அவ்வளவு ஆசை. கண்டால் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது.

நீ கள்ளமடிக்கேல்லை, பிள்ளை.