கேட்கத் தெரிந்த ஆள்

மரக்காணத்து உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் மத்தியானம் சோற்றுக்காகக் கரையேறியதும் என் கை தானாகச் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைத் தடவிப் பார்க்கிறது, அட்டை ஏறியிருக்கிறதா என்று. தேயிலை மலையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொழுந்து பறிக்கப் போகுமுன் துணியில் உப்பை முடிந்து நனைத்துக் காலெல்லாம் தேய்த்துக்கொள்வோமே, அந்தப் பழக்கம். அங்கே ஒரு சிரட்டை உப்பை அடுப்பு மேட்டில் வைத்துப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுவோம். இங்கே கணுக்கால் முங்க உப்புத் தண்ணீரில் நிற்கிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை. எந்த அட்டையும் இந்தப் பக்கம் வந்தால் பாதி வழியிலேயே சுருண்டுவிடும். அறிவுக்கு இது தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. "இன்னாக்கா தேடுறே, கொலுசு எதுனா வுழுந்துடுச்சா?" என்று பக்கத்துப் பாத்தி அஞ்சலை கேட்பாள். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் அவள். அட்டை என்று சொன்னால் புத்தக அட்டையா என்பாள். விளக்கி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும்.

வந்த புதிதில் பேச்சே பெரிய வேடிக்கையாக இருந்தது. இலங்கையிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, கடைசியில் என் கணவரின் பெரியப்பா பெருமுக்கல் பக்கத்தில் இருக்கிறார் என்ற ஒரே பிடிமானத்தில் இங்கே வந்தோம். அவர்தான் உப்பளத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். முதல் நாள் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு எங்கே பிறந்தாய் என்று கேட்டார்கள். "தோட்டத்துல பொறந்தேன்" என்றேன். அவர்களில் கன்னியம்மா என்பவள், "ஏன், ஒங்கம்மாவுக்கு வூட்டுக்குள்ள எடம் இல்லியா?" என்று உண்மையான இரக்கத்தோடு கேட்டாள். எங்களுக்குத் தோட்டம் என்றால் தேயிலை எஸ்டேட் என்று நான் சொல்லிப் புரியவைத்த பிறகு, தோட்டத்துக்கே சொந்தக்காரி உப்பு வார ஏன் வந்தாள் என்று அடுத்த சந்தேகம் கிளம்பியது. அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த ஒரு சிரிப்பில்தான் நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன்.

கன்னியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் உப்பு வாரும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் முன்னால் நிற்பவள். கடலோரக் குப்பத்துக்காரி. அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. ரகசியம் சொன்னாலும் நான்கு பாத்திக்குக் கேட்கும். அவள்தான் எனக்கு ஒரு புது வேலையையும் கொடுத்தாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் நான் என்று தெரிந்ததும், சாலையோரத் தேநீர்க் கடையிலிருந்து பேப்பரை வாங்கி வரச்செய்து, மத்தியானக் கொட்டகையில் என்னைப் படிக்கச் சொன்னாள். அதற்கு முன் ஒன்றரை வருடத்துக்கு மேலாக அந்தக் கடையில் யாரும் அரசியலை உரக்கப் பேசியதில்லை. நெருக்கடி நிலைக் காலம். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே கடைக்காரர் கண்ணாடித் தம்ளரை ஓசையோடு வைப்பார். எழுபத்தேழு தொடக்கத்தில் தேர்தல் வருகிறது என்ற செய்தி வந்தது. மறுநாளே அதே கடையில் உட்கார இடமில்லை. மூடிவைத்த பானையைத் திறந்ததுபோல எல்லோருக்கும் வாயிலிருந்து ஆவி வந்தது.

அந்த வாரம் கொட்டகையில் கன்னியம்மா ஒரு கேள்வியைப் போட்டாள். "டில்லியில யாரு ஒக்காரணும்னு பேப்பர்காரன் எழுதறது கெடக்கட்டும். ஒக்கார்ற ஆளு எப்படி இருக்கணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுங்க."

முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு நிற்கவில்லை. ஒருத்தி, உப்புக்காற்றில் காயாத குடிதண்ணீர்க் குழாயை இந்தப் பக்கம் கொண்டுவருகிறவர் வேண்டும் என்றாள். இன்னொருத்தி, கோபம் வந்தால் பொறுத்துப் பேசுகிறவர் என்றாள், அவள் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு. அஞ்சலை, "நல்லா தூங்குற ஆளா இருக்கணும். தூங்காதவங்க கையில நாட்டக் குடுத்தா நம்மளயும் தூங்க வுட மாட்டாங்க" என்றாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். அவ்வளவு நீளமாக அவள் பேசியதே இல்லை. கன்னியம்மா தன்னுடையதைக் கடைசியில் சொன்னாள். "தோத்துட்டா வூட்டுக்குப் போற ஆளு வேணும். வர்றப்ப எல்லாரும் நல்லாத்தான் வர்றாங்க. எழுந்து போறாங்களான்னு பாக்கணும்."

"நீ சொல்லு சிலோன்" என்றார்கள் என்னிடம். அதுதான் இங்கே என் பெயர். மலையில் எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இந்தியாவுக்கு வந்ததும் சிலோன் ஆகிவிட்டேன்.

அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. அப்பா அதுவரை தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் ஓட்டுப் போட்டவர். இலங்கை சுதந்திரம் அடைவதற்கு முன் நடந்த தேர்தலில், இரவல் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்களோடு பாட்டுப் பாடிக்கொண்டே மலையிறங்கிப் போனாராம். அதைச் சொல்லும்போது உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிடுவார், கோட்டின் பொத்தானைப் போட்டுக் காட்டுவார். அடுத்த தேர்தல் வருவதற்குள் எங்கள் சனத்துக்குக் குடியுரிமையும் இல்லை, ஓட்டும் இல்லை என்றாகிவிட்டது. அப்புறம் பல வருடம் கழித்து இரண்டு நாட்டுத் தலைவர்களும் ஓர் அறையில் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பிரித்துக்கொண்டார்கள். அப்பாவுக்கும் தம்பிக்கும் இலங்கை கிடைத்தது. எனக்கும் என் கணவருக்கும் இந்தியா. தலைமன்னார் ரயிலுக்கு வந்து நின்ற அப்பா, "நம்மகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, விருந்துக்கு அழைக்க மறந்துவிட்ட உறவுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

அதனால் நான், "கேக்கத் தெரிஞ்ச ஆளு வேணும்" என்றேன்.

கன்னியம்மா கையை உதறினாள். "அது எதுக்கு வேணும்? ஓட்டு கேக்கத்தான் எல்லாருக்கும் தெரியுதே."

கொட்டகையே அதிர்ந்தது. நானும் சிரித்துவிட்டேன். நான் சொன்னது வேறு கேட்பது என்று விளக்கினேன், அப்பா கதையையும் சொன்னேன். சிரிப்பு மெல்ல அடங்கியது. "சரி, அதையும் சேத்துக்க" என்றாள் கன்னியம்மா.

இந்தக் குணங்களையெல்லாம் சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பமும் எங்களுக்கு வாய்த்தது. ஒரு வேட்பாளர் உப்பளத்துக்கே வந்தார். ஒலிபெருக்கி ஜீப்பைச் சாலையில் நிறுத்திவிட்டு, வெள்ளை வேட்டியும் பளபளக்கும் செருப்புமாக வரப்பில் நடந்து வந்தார். பின்னால் வரிசையாகக் கட்சிக்காரர்கள். உப்பள வரப்பு வயல் வரப்பு மாதிரி இல்லை, களிமண் வழுக்கும். கை கூப்பிக்கொண்டே நடந்ததில் கால் போய், மனிதர் அப்படியே பாத்திக்குள் உட்கார்ந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே கறுப்புச் சேறு, மேலே வெள்ளை. கட்சிக்காரர்கள் சிரிக்கவும் பயந்து, தூக்கவும் பயந்து நின்றார்கள். எங்கள் பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். கன்னியம்மாதான் உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள், "உப்பு போதுமாங்க, இன்னும் கொஞ்சம் போடவா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "போதும்மா, ஊறுகாயே போட்டுட்டீங்க" என்றார். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அஞ்சலை வரப்பில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்குக் கால் கழுவக் குடத்துத் தண்ணீர் கொடுத்தோம். அப்போது கன்னியம்மா என்னைப் பிடித்து முன்னே தள்ளினாள். "ஒன் கேள்விய கேளு."

"எங்கள எங்கனாச்சும் அனுப்புறதா முடிவு பண்ணுனா, அதுக்கு முன்னாடி எங்ககிட்ட கேப்பீங்களா ஐயா?" என்றேன்.

அவர் மிகவும் பரிவாகத் தலையசைத்தார். "குடிசைய காலி பண்ணச் சொல்றாங்களாம்மா? கவலப்படாதீங்க, புறம்போக்குல இருக்கிற ஒருத்தரயும் நான் கை வெக்க வுட மாட்டேன்." கூட வந்தவரிடம் குறித்துக்கொள்ளவும் சொல்லிவிட்டு, ஈர வேட்டியோடு ஜீப்புக்குப் போனார்.

"காதுல தண்ணி பூந்துடுச்சோ இன்னாவோ" என்றாள் அஞ்சலை. கன்னியம்மா காலிக் குடத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். "சிரிக்கத் தெரியுது. கேக்கத் தெரியல. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட கெடைக்காது போலிருக்குது" என்று பலகையை எடுத்துக்கொண்டாள்.

ஓட்டுப் போடும் நாளன்று காலையில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினோம். என் கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தேன். திருவிழாவுக்குப் போகிற மாதிரி தலை நிறையப் பூ. பள்ளிக்கூட வாசலில் வரிசை நீண்டிருந்தது. என் முறை வந்து பெயரைச் சொன்னதும், உள்ளே பெஞ்சில் இருந்த ஒரு கட்சி ஏஜென்ட் எழுந்தார். "சார், இந்தம்மா சிலோன். இவங்களுக்கு இங்க ஓட்டு கெடையாது" என்றார்.

பைக்குள் என் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது, கை அதை எடுக்க மறுக்கிறது. எனக்குப் பின்னால் கன்னியம்மாவின் குரல் எழுந்தது. "ஏம்பா, வெயில்ல எங்ககூட உப்பு வார்றப்ப ஒன் கண்ணுக்கு அவ சிலோனா தெரியலியா?" வரிசை முழுக்கப் பேசத் தொடங்கியது. தேர்தல் அதிகாரி மூக்குக் கண்ணாடி போட்ட, களைத்த மனிதர், பார்த்தால் பள்ளி ஆசிரியர்போல இருந்தார். அவர் கையைத் தூக்கினார்.

"அவரு சொல்லிட்டாரு. நீங்களும் சொல்லிட்டீங்க. இப்ப அவங்க சொல்லட்டும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா. அவசரமில்ல."

சொன்னேன். தோட்டம், கப்பல், முகாம், பெருமுக்கல், உப்பளம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு தேவையில்லை என்று எனக்கே தெரிந்தது. அவர் இடையில் ஒரு வார்த்தையும் பேசாமல், பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் கை பழைய நிலைக்கு வந்து பாஸ்போர்ட்டை நீட்டியது. அதைப் புரட்டி, வாக்காளர் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்குது. ஓட்டு போடலாம்" என்றார். ஏஜென்ட் உட்கார்ந்தபடியே, "மனசுல வெச்சிக்காதீங்கம்மா, கேக்கச் சொல்லித்தான் என்ன ஒக்கார வெச்சிருக்காங்க" என்றார். எனக்கு அவர்மேல் ஒரு வருத்தமும் வரவில்லை. அன்றைக்கு யார்மேலும் வராது.

மறைப்புக்குள் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. அப்பா கோட்டுப் பொத்தானைப் போடும் விரல்கள் தெரிந்தன. டில்லியில் உட்காரப் போகிறவர் என்னைப் பார்க்கப்போவதில்லை, இந்தக் கறுப்பு முத்திரையைக்கூடப் பார்க்கமாட்டார். ஆனால் நான் என்ன நினைக்கிறேன் என்று முதன்முதலாக ஒரு நாடு கேட்டுவிட்டு, பதிலுக்காகப் பேசாமல் நிற்கிறது. "ஏய் சிலோன், உள்ள தூங்கிட்டியா?" என்று கன்னியம்மா கூப்பிட்டாள். குத்தினேன், மடித்தேன், பெட்டியில் போட்டேன். வெளியே வந்ததும் அஞ்சலை என் விரல் மையையும் தன் விரல் மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அன்று யாருக்கும் உப்பளத்துக்குத் திரும்ப மனமில்லை. கடற்கரைக்குப் போய், வலை காயும் இடத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம்.

பாத்தியில் விழுந்தவர் ஜெயித்தாரா தோற்றாரா என்பதை நான் எழுதப்போவதில்லை. எங்களில் யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஊர் கணக்குப் போட்டுவிடும். டில்லியில் ஆட்சி மாறியது உங்களுக்கும் தெரியும். அந்தப் பேப்பரைப் படித்தபோது கன்னியம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "தோத்தவங்க எழுந்து போயிட்டாங்களா?" போய்விட்டார்கள் என்றேன். "நெசமாவா, சண்ட போடாமயா?" சண்டை போடாமல்தான் என்றேன். அவள் மறுபடியும் ஒருமுறை படிக்கச் சொன்னாள். குழந்தை பிறந்த சேதி கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

அதே வருடம் ஜூலையில் இலங்கையிலும் தேர்தல் வந்தது. குடியுரிமைப் பத்திரம் கைக்கு வந்துவிட்டதால் அப்பாவும் ஓட்டுப் போடப் போகிறார், இரண்டாம் தடவையாக, என்று தம்பி எழுதியிருந்தான். இந்தக் கரையில் இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சுபோலக் கேட்கும். முடிவுகள் சொன்ன அன்று காலையில் கன்னியம்மா தேநீர்க் கடைக்காரரிடம் சொல்லி ரேடியோவைச் சாலைப் பக்கம் திருப்பிவைத்துவிட்டாள், பாத்தி வரைக்கும் கேட்கும்படி. நுவரெலியா, பதுளை என்று என் ஊர்ப் பெயர்கள் உப்பின் மேல் நடந்து வந்தன. பெண்கள் ஒவ்வொரு பெயருக்கும், "இது ஒங்க ஊரா? இதுவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கிழக்கே இருட்டிக்கொண்டு திடீர் மழை இறங்கியது. எல்லோரும் பலகையைப் போட்டுவிட்டு உப்புக் குவியல்களை மூட ஓடினோம். அங்கே மலையில் ஜூலை மழை ஓயாது. அப்பா அந்த மழையில் வரிசையில் நின்றிருப்பார், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக. நான் இங்கே கீற்றை இரண்டு கையாலும் குவியலின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எங்கள் உப்பு கரைந்துவிடக் கூடாதே என்று மழையைத் திட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் ரேடியோ பக்கம் திருப்பி, எங்கள் தொகுதியின் பெயரைச் சொல்லப்போகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.