சித்தி குடித்த வரக்காப்பி

என் சித்தி மகள் இந்த உலகத்துக்கு வந்ததற்கு நான்தான் காரணம் என்று இருபத்தாறு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். நடுவில் எம்.ஏ. பட்டமும் வாங்கினேன், அதனால் அந்த நம்பிக்கைக்கு ஒரு சேதமும் வரவில்லை.

அகரத்தில் எங்களுடையது கூட்டுக் குடும்பம். எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தப்பாவின் மனைவிக்கு இரண்டாவது பிரசவம், தேதி தாண்டி ஆறு நாள் ஆகியிருந்தது. முதல் பிள்ளையை வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். அதனால், தேதி தாண்டினால் உடனே திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்துவிட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு.

"போனா மறுபடியும் கத்தியத்தான் தூக்குவாக. வலி வரட்டும், கூட்டிட்டுப் போவோம்" என்றார் பெரியம்மா. எங்கள் வீட்டில் பெரியம்மாவின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

வலியை வரவழைக்கும் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார். முதலில் சீரகக் கஷாயம், ஏப்பம்தான் வந்தது. அடுத்து வீட்டைச் சுற்றி நடை, கால்தான் வீங்கியது. ஏழாம் நாள் காலையில் வரக்காப்பியில் கால் டம்ளர் விளக்கெண்ணெயை ஊற்றி, ஆற்றி, என் கையில் கொடுத்தார்.

"ஏ புள்ள, முழுசாக் குடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நில்லு. காலி டம்ளரோட வா."

முற்றத்தில் சின்ன வெங்காயம் காயப்போட்டிருந்தது. வழுக்கி விழுந்தேன். மருந்து முழுவதையும் வெங்காயம் குடித்தது. நல்லவேளையாகப் பெரியம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தார். அடுப்படியில் விளக்கெண்ணெய்ச் சீசா காலி. மிச்சமிருந்த வரக்காப்பியில், கைக்கு எட்டிய நல்லெண்ணெயை ஊற்றிக் கலக்கி எடுத்துக்கொண்டு போனேன்.

சித்தி டம்ளரை வாங்கி மோந்து பார்த்தார்.

"குமட்டுது ஆத்தா. ஓடிப்போயி ஒரு துண்டு கருப்பட்டி எடுத்துட்டு வா."

கருப்பட்டியோடு திரும்பியபோது டம்ளர் காலியாக இருந்தது. சித்தி முழுசாகக் குடித்துவிட்டதாகப் பெரியம்மாவிடம் சாட்சி சொன்னேன்.

அதன் பிறகுதான் பயம் பிடித்தது. கொடுத்தது தப்பான எண்ணெய். பிள்ளை வராமலே போய்விட்டால்? மத்தியானச் சோறு இறங்கவில்லை. சித்தியின் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னடி, வயித்துல சினிமாவா ஓடுது?" என்று சித்தி சிரித்தார்.

மூன்று மணிக்கு வலி கண்டது. வேன் பிடித்து ஓடினோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல எதுவும் குடிக்கக் குடுத்தீங்களா?"

பெரியம்மா கூரையைப் பார்த்தார். சித்தி வலியைப் பல்லில் கடித்துக்கொண்டு, "இல்ல டாக்டர், நான் எதையும் குடிக்கல" என்றார். பெரியம்மாவைக் காப்பாற்ற இப்படியொரு பொய்யா! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆறு மணிக்குள் ஆபரேஷன் முடிந்தது. பெண் பிள்ளை, இரண்டு பேரும் சுகம் என்று நர்ஸ் வந்து சொன்னதும் எனக்குக் காலையிலிருந்து காணாமல்போன பசி திரும்பி வந்தது. எல்லோருக்குமாக வாங்கிவந்த பன்னை நானே தின்று தீர்த்தேன்.

வலி வந்தது தன் எண்ணெயால், கத்தி வந்தது டாக்டரம்மாவின் அவசரத்தால் என்று பெரியம்மா ஊரெல்லாம் சொன்னார். எரியோடு ஊரிலிருந்துகூடப் பக்குவம் கேட்டு ஆள் வந்தது. உண்மையான பக்குவம் எனக்கு மட்டுமே தெரியும் என்ற கர்வத்தோடு நான் வளர்ந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி, எனக்கும் தேதி தாண்டியது. யாருக்கும் தெரியாமல் நல்லெண்ணெய் வரக்காப்பி போட்டுக் குடித்தேன். பிள்ளை வரவில்லை, காப்பிதான் வந்தது, அதுவும் டாக்டரின் மேசைமேல். நாலு நாள் கழித்து மகன் தன் இஷ்டத்துக்குப் பிறந்தான்.

பார்க்க வந்த சித்தியிடம் பதினேழு வருட ரகசியத்தை, மேசை விவகாரம் உட்பட, சொல்லிவிட்டேன்.

சித்தி பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "அத நான் எங்கடி குடிச்சேன்? நீ அந்தப் பக்கம் போனதும் சன்னல் வழியா ஊத்திட்டேன். பழைய தையல் பிரிஞ்சா ரெண்டு உசுருக்கும் ஆபத்து, யாரு எதக் குடுத்தாலும் குடிக்காதன்னு நர்சம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாக. ஒங்க பெரியம்மாகிட்ட அதச் சொல்ல முடியுமா?"

பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நம்ம குடும்பத்துல அதக் குடிச்ச மொத ஆளு நீதான். படிச்ச புள்ள."